கடன் இல்லை

கேள்வி சிங்களத்தில் வரும். அதைத் தமிழில் சொல்லி, கிடைக்கும் விடையைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வது என் வேலை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் இடையே உள்ள ஒரு றப்பர்த் தோட்டத்தில் நடந்த காரியம் இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். குடும்பங்களின் வரவு செலவை விசாரித்து எழுத வந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இரு மொழியும் வரும் என்பதறிந்து தோட்டத்துக் கந்தோர் என்னை அவருடன் அனுப்பியது. கூலி கிடையாது. ஆனால் கையில் பேனையுடன் லயத்து வாசலில் நின்றபோது எனக்கு உண்டான பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தெரிவு செய்யப்பட்ட வீடுகளின் பட்டியலில் எங்கள் காம்பிராவும் இருந்தது.

அந்த மனிதர் நல்லவர். மழையில் நனைந்து வந்தவர் என் தாயார் கொடுத்த சாயத்தண்ணீரை வாங்கிக் குடித்து, இஸ்தோப்பில் பலகையிலே அமர்ந்து, பொறுமையுடன் எழுதினார். கடந்த ஏழு நாளில் எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ அரிசி, கருவாடு எவ்வளவு, தேங்காய் எத்தனை, வெற்றிலை எவ்வளவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் தாயார் ஒருநாளும் எதையும் இப்படிக் கூட்டிப் பார்த்தவரல்லர். ஆயினும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒருவர் தம் வீட்டுக் கருவாட்டைக் குறித்து இவ்வளவு மரியாதையாக விசாரிப்பது அவருக்குப் புதுமையாயிருந்தது.

பிறகு கடன் பக்கம் வந்தது. கடன் உண்டா, யாரிடம், எவ்வளவு, எதற்காக?

என் தாயாரின் கண்கள் என்னைத் தாண்டிப் போயின. வழிகாட்டுவதற்கென்று எங்களுடன் வந்த செக்ரோல்காரர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“கடன் கிடன்னு ஒண்ணுமில்லேன்னு சொல்லு தம்பி.”

கடைத்தெரு முதலாளியின் கொப்பியில் எங்கள் பெயருக்கு ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்ததும் தெரியும். என் ரியூஷன் காசுக்காகத் தாயாரின் சங்கிலி அடகிலே இருந்தது. பக்கத்துக் காம்பிராக்காரர் பிடித்த சீட்டை முன்னதாகவே எடுத்துச் செலவழித்துமிருந்தோம். அத்தனையும் அறிந்த நான், தெளிவான சிங்களத்தில் “கடன் இல்லை, மாத்தயா” என்றேன். அவர் அந்தப் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோடாகக் கிழித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்றிரவு நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொல்லச் சொன்னீர்கள் என்று. தாயார் அடுப்பிலிருந்து தலையெடுக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தக் காயிதம் எங்க போவுதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் பொருளியல் படித்து, அதையே இரத்தினபுரி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் நிலைக்கு வந்த பிறகுதான் அந்தக் காகிதத்தின் வழி ஓரளவு புலனாயிற்று. அறிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

காகிதம் கொழும்புக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு விடையும் ஓர் எண்ணாகிறது. கோடு கிழிக்கப்பட்ட பக்கம் பூச்சியமாகிறது. அதன்பின் நடப்பது பலருக்குத் தெரியாது. ஆய்வு செய்யப்படுவது எல்லாக் குடும்பங்களும் அல்ல, மாதிரியாகத் தெரிந்தெடுத்த சில குடும்பங்களே. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடும்ப வருமான செலவின ஆய்வை எடுத்துக்கொண்டால், நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 25,000 வீடுகள் தெரிவாகின்றன. நாட்டிலோ 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே மாதிரியில் வரும் ஒரு குடும்பம் சராசரியாக இருநூறு குடும்பங்களுக்காகப் பேசுகிறது. கணக்கர் அந்தக் குடும்பத்தின் விடையை உரிய எண்ணால் பெருக்கி நாட்டின் கணக்கில் சேர்ப்பார். என் தாயாரின் மானத்தைக் காப்பதற்காக நான் சொன்ன ஒரு பொய், அந்த விதிப்படி, இருநூறு வீடுகளின் கடனைத் துடைத்திருக்கக்கூடும். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் இந்தப் பெருக்கலை முதன்முதலாக விளங்கிக்கொண்ட அன்று என் காதுகள் சூடேறியது நினைவிருக்கிறது.

அதே மண்டபத்தில்தான் ‘அழுத்தப் பரிசோதனை’ என்ற சொல்லையும் கேட்டேன். பாலம் கட்டியவன் இத்தனை லொறி ஏறினால் இது தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பான் அல்லவா? அதுபோல, வட்டி உயர்ந்தால், வேலை போனால், பண்டங்களின் விலை ஏறினால் ஒரு நாட்டின் வங்கிகள் தாங்குமா என்று பார்ப்பது இது. வங்கிகளின் ஏடுகளை மட்டும் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. கடன் வாங்கியவர்களின் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது மற்றொரு வழி. வீட்டுக்குள் நுழைவதற்குக் குடும்ப ஆய்வு வேண்டும்.

முறை எளிது, கடைக்காரரும் விளங்கிக்கொள்வார். ஒவ்வொரு குடும்பத்தின் மாத வருமானத்திலிருந்தும் உயிர்வாழ்வுக்கான அடிப்படைச் செலவைக் கழிக்க வேண்டும். பின்னர் கடன் தவணையைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது பூச்சியத்துக்குக் கீழே போனால் அந்தக் குடும்பம் நலிந்தது. இனிக் கற்பனையாக வட்டியை ஏற்றுகிறோம், அல்லது பத்தில் ஒருவருக்கு வேலை போயிற்று என்று வைத்துக்கொள்கிறோம். புதிதாக எத்தனை குடும்பங்கள் கோட்டுக்குக் கீழே விழுந்தன? விழுந்தவை வங்கிகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியவை? ஈடு வைத்ததை விற்றால் எவ்வளவு மீளும்? மீளாத பகுதியே வங்கியின் நட்டம். சுவீடன், நோர்வே, ஒஸ்திரியா, சிலி முதலிய நாடுகளின் மத்திய வங்கிகளில் இவ்வழியில் ஆராய்ந்தார்கள். ஹங்கேரியின் மத்திய வங்கியில் 2007இல் இத்தகைய ஆய்வொன்று வெளிவந்தது. அந்நாட்டுக் குடும்பங்கள் சுவிஸ் நாணயத்தில் வீட்டுக் கடன் வாங்கியிருந்த காலம் அது. மறு ஆண்டே உலக நெருக்கடி வந்து, அவர்களது நாணயம் சரிந்து, தவணைகள் ஏறி, அந்தக் கணக்கு எவ்வளவு அவசியமானது என்பது விளங்கிவிட்டது. யூரோ நாடுகள் தமக்கெல்லாம் பொதுவான குடும்ப நிதி ஆய்வொன்றை நடத்தி அதன் முதற் பேறுகளை 2013இல் வெளியிட்டன.

எங்கள் காம்பிராவின் தாள் இப்படியொரு பரிசோதனைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன் பூச்சியம், ஆகவே தவணை பூச்சியம். வட்டியை எவ்வளவு ஏற்றினாலும் எங்கள் வீடு அசைந்திருக்காது. உறுதிவாய்ந்த குடும்பங்களின் வரிசையில் முன்னணியில் நின்றிருப்போம்.

கடனை மறைப்பதை வீட்டு மானம் என்று மட்டும் எண்ணியிருந்தேன். என் தாயாரின் பாட்டனார் கதையைக் கேட்ட பிறகுதான் அதன் வேர் தெரிந்தது. அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வந்த செலவே முதற் கடன். பெரிய கங்காணியின் கணக்கில் அது ஏறிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கொடுத்தால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய காகிதம் வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் கடனைக் கட்டும், ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் ஆளுடனேயே கூட வரும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சட்டம் ஒழித்தது, ஆனால் கடன் எழுதிய காகிதம் மனிதனை விற்கும் என்ற அறிவு மூன்று தலைமுறை கடந்து என் தாயாரின் அடுப்படியில் இருந்தது. அவரது கேள்வியில் அறியாமை இல்லை. வரலாறு இருந்தது.

இதில் வேறொன்றும் உண்டு. தோட்டத்துக்குள் ஆய்வு உத்தியோகத்தர் தாமாக நுழைய முடிவதில்லை. துரையின் அனுமதி வேண்டும், கந்தோர் வழிகாட்ட வேண்டும். கிராமத்தில் ஒருவன் தன் கடனைப் பற்றிப் பேசும்போது வேலி ஓரத்தில் அவனது முதலாளி நிற்பதில்லை. லயத்திலோ பேர் போடுகிறவரே தூணில் சாய்ந்து நிற்கிறார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டதைக் கண்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெயரையும் பொருளையும் எழுதிக்கொண்டு போகிறவர்களைச் சந்தேகிக்க அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. புள்ளிவிபர நூல்கள் இதனை ‘விடையளிப்போர் பிழை’ என்று குறிக்கும். பிழை யாருடையது என்பதை நூல் எழுதியவர்கள் இன்னும் சற்று யோசித்திருக்கலாம்.

இவ்வளவும் சொல்வதால் நான் ஆய்வுகளுக்குப் பகைவன் என்று வாசகர் எண்ணிவிடக்கூடாது. இந்நாட்டின் குடும்ப ஆய்வுகளுக்கு ஒரு மதிப்பான வரலாறு உண்டு. 1950இல் தொடங்கிய மத்திய வங்கி, மூன்றே ஆண்டுகளில், 1953இல், முதலாவது நுகர்வோர் நிதி ஆய்வை நடத்தியது. தோட்டங்களை அது தனிப்பிரிவாகக் கொண்டது. எந்த 1953? அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்த ஆண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. வாக்காளர் பட்டியலில் இல்லாத சனங்கள் நுகர்வோர் பட்டியலில் இருந்தார்கள். அந்த அளவுக்கேனும் ஒரு காகிதம் அவர்களை மனிதராக ஏற்றது.

1963இலும் 1973இலும் அந்த ஆய்வு மீண்டும் நடந்தது. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினிக் குணகம் 0.45இலிருந்து 0.35ஆகக் குறைந்ததாக 1973ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. இவ்வளவு பெரிய இறக்கம் உலகில் அரிது. அப்போது நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா, எங்கள் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதி. இடதுசாரிகள் பெருமைப்பட வேண்டிய எண்தான் அது. ஆயினும் அடுத்த ஆண்டு, 1974இல், மாவும் அரிசியும் அருகித் தோட்டங்களில் மரண வீதம் கூர்மையாக உயர்ந்தது. லயத்து மக்கள் நகரங்களில் கையேந்தினார்கள். என் தாயார் அப்போது சிறு பிள்ளை. அவித்த கீரையை மட்டும் தின்று கிடந்த நாட்களைப் பற்றி ஒருமுறை சொன்னார், மறுமுறை சொல்லவில்லை. 0.35 என்ற எண் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நாடு முழுவதற்குமான ஓர் எண்ணுக்குள் ஒரு பிரிவு மக்கள் பட்டினியால் சாவதும் அடங்கிவிடும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன்.

சப்ரகமுவத் தோட்டங்களின் நிலையில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும் அங்கேயே வசிக்கும் பத்துத் தொழிலாளராவதும் இருந்தால்தான் ஆய்வில் அது ‘தோட்டம்’. நுவரெலியாவில் மலை மலையாகத் தேயிலை இருக்கிறது, அங்கே சிக்கலில்லை. எங்கள் பக்கமோ நிலைமை வேறு. தெஹியோவிட்ட, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை என்று சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் றப்பரும் தேயிலையும். துண்டாடப்பட்ட சிறு நிலங்களில் எஞ்சிப்போன ஒரு லயம், அதில் ஆறு குடும்பம். அந்த ஆறு குடும்பமும் வேலை செய்வது தோட்டத்தில், வாழ்வது லயத்தில், கணக்கில் இருப்பது கிராமத்தில். எஞ்சியோர் தோட்டத் துறை என்ற பெருங்கூட்டில் சேர்ந்து நுவரெலியாவின் சராசரிக்குள் கரைந்துவிடுகிறார்கள். இரத்தினபுரித் தோட்டங்களுக்கு மட்டும் தனியே ஓர் எண் வேண்டுமென்று கேட்டால், மாதிரியில் விழும் வீடுகள் மிகச் சில. நம்பத்தக்க எண் எடுக்க அவை போதா.

மழையைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பகுதி தீவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. இராமுழுதும் மழை பெய்து மரப்பட்டை ஈரமாயிருந்தால் அன்று பால் வெட்டு இல்லை. மே, யூன், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இப்படி எத்தனையோ நாட்கள் போகும். பெப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பால் குறையும். ஆகவே வெட்டுக்காரியின் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறியிறங்கும். ஆய்வு இதை அறியாததல்ல. பருவ வேறுபாடு தெரிய வேண்டுமென்றே களவேலையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குடும்பத்திடம் ஒரேயொரு தடவைதான் வருவார்கள். மழை மாதத்தில் ஒரு வீடு, நல்ல மாதத்தில் வேறொரு வீடு. சராசரி சரியாக வரும். ஒரே வீடு நல்ல மாதத்திலிருந்து கெட்ட மாதத்துக்குள் எவ்வளவு ஆழம் விழுகிறது என்பது வராது. வறுமையை எண்ணுவதற்கு அந்தச் சராசரி போதும். அழுத்தப் பரிசோதனைக்கோ விழும் ஆழமே வேண்டும். அதற்கு ஒரே குடும்பங்களிடம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

2016ஆம் ஆண்டு ஆய்வின்படி தோட்டத் துறையில் வறியோர் 8.8 சதவீதம். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி 51.3 சதவீதம். இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதி, என்ன நடந்தது என்று வகுப்பில் கேட்டேன். ஈஸ்டர்க் குண்டுவெடிப்பு என்றான் ஒருவன், தேயிலை விலை என்றாள் ஒருத்தி. நடந்தது வேறு. அளவுகோல் மாறிற்று. பழைய வறுமைக்கோடு 2016இல் ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா. புதிய கோடு, மக்கள் இப்போது உண்மையில் எப்படி உண்டு உடுத்து வாழ்கிறார்கள் என்பதை வைத்துத் திருத்தியது, 2019இல் 6,966 ரூபா. இடைப்பட்ட விலையேற்றம் இந்த வேறுபாட்டில் ஒரு சிறு பங்கே. நாடு முழுவதற்கும் 4.1 சதவீதமாயிருந்தது 14.3 ஆயிற்று. தோட்டத்திலோ பத்துப் பேரில் ஒருவர் என்பது இருவரில் ஒருவர் ஆயிற்று. இத்தனை சனங்கள் பழைய கோட்டுக்கு அரை அங்குலம் மேலே காலூன்றி நின்றார்கள் என்பதை அந்தப் பழைய கோடு நமக்குச் சொல்லவேயில்லை. திருத்தியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்த 51.3ஐத் தந்ததும் ஒரு குடும்ப ஆய்வுதானே.

அன்று வகுப்பிலேயே ஒரு சிறு அழுத்தப் பரிசோதனையும் செய்தோம். 2019இல் தோட்டக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 46,865 ரூபா. நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். வறுமைக்கோட்டின்படி நால்வருக்கும் வேண்டியது 27,864 ரூபா. மிஞ்சுவது 19,001. “பாதிப்பேர் வறியவர் என்றால் சராசரிக் குடும்பத்தில் எப்படி சேர் இவ்வளவு மிஞ்சும்?” என்று உடனே கேள்வி வந்தது. கேட்க வேண்டிய கேள்வி. வறுமையை வருமானத்தால் அளப்பதில்லை, செலவால் அளக்கிறார்கள். அத்தோடு, சிலருடைய கூடுதல் வருமானம் எல்லாருடைய சராசரியையும் உயர்த்திவிடுகிறது. சரி, இந்தச் சராசரிக் குடும்பத்தையே பரீட்சிப்போம் என்றேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த ஒரே அடியை ஏற்றினோம். 27,864 ரூபாவாயிருந்தது 47,313 ஆயிற்று. வருமானத்தைவிட 448 ரூபா கூட. கடன் தவணை ஒரு சதமும் இல்லாமலேயே சராசரிக் குடும்பம் கோட்டுக்குக் கீழே போயிற்று.

வகுப்பு சற்று நேரம் பேசாமலிருந்தது. பிறகு ஒரு பையன், 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகியதே, அதைச் சேர்க்க வேண்டாமா என்றான். சேர்த்தோம். அவனுக்கு அடுத்தவன், சம்பளம் ஏறியபின் தன் வீட்டில் வேலை நாள் குறைந்துவிட்டது என்றான். அதையும் சேர்த்தோம். பின் வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, கொழும்பு விலைச்சுட்டி எங்களுக்குப் பொருந்தாது, எங்கள் வீட்டுச் செலவில் பெரும்பங்கு சாப்பாடுதான் என்றாள். அந்தச் செப்டெம்பரில் உணவு விலை மட்டும் 94.9 சதவீதம் ஏறியிருந்தது என்று சொன்னேன். அவள் தன் கொப்பியில் தானாகவே கணக்கைத் திருத்தி எழுதத் தொடங்கினாள். ஆசிரியத் தொழிலில் இத்தகைய நாட்கள் அதிகம் வருவதில்லை.

2022இல் நாடு முழுவதுமே ஓர் அழுத்தப் பரிசோதனைக்கு உள்ளாயிற்று, கற்பனையாக அல்ல. ஏப்ரல் 8ஆம் நாள் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. உலக வங்கி, 2019ஆம் ஆண்டு ஆய்விலிருந்த குடும்பங்களின் மீது அடுத்தடுத்த அதிர்ச்சிகளை ஏற்றிப் பார்த்து, 2021இல் 13.1 சதவீதமாயிருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாகியது என்று மதிப்பிட்டது. புதிய ஆய்வு இல்லாத வேளையில் பழைய வீடுகளைக் கொண்டே புதிய துயரைக் கணக்கிட வேண்டியிருந்தது. 2023இல் புள்ளிவிபரத் திணைக்களம் நெருக்கடியைப் பற்றியே தனியொரு குடும்ப ஆய்வு நடத்தியது. குடும்பங்களுள் 60.5 சதவீதத்தில் வருமானம் குறைந்திருந்தது. 91 சதவீதத்தில் செலவு கூடியிருந்தது.

எங்கள் லயத்துக்கு அந்த நெருக்கடி வந்த விதம் வேறு. ஒரு காலை கடைத்தெரு முதலாளி கொப்பியை மூடினார். அவர் கெட்ட மனிதரல்லர். எனக்குச் சிறு வயதில் இனிப்புக் கொடுத்தவர். மொத்த வியாபாரி அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டான், ஆகவே அவரும் நிறுத்தினார். ‘கைக்காசு இருந்தா மட்டும் வாங்க’ என்று சொல்லும்போது அவர் என் தாயாரின் முகத்தைப் பார்க்கவில்லையாம். வங்கியின் கதவு மூடினால் பத்திரிகைகள் தலைப்பிட்டு எழுதும். லயத்து மக்களின் வங்கி அந்தக் கொப்பிதான். அது மூடியதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எந்தப் பரிசோதனையும் எதிர்பார்க்கவில்லை.

நான் நெடுநாள் என் பொய்யையே பெரிதாக எண்ணி வருந்தினேன். மெய்யைச் சொல்லியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு யோசித்தேன். அழுத்தப் பரிசோதனை கேட்கும் இறுதிக் கேள்வி, வங்கி தாங்குமா என்பது. பெருங்கடன் இருப்பது வசதியுள்ளவரிடம். வறியவர் கடன் வங்கியில் அநேகமாக இல்லை, இருந்தாலும் அற்பம். ஆகவே பல நாடுகளில் இவ்வாய்வுகள், நலிந்த குடும்பங்கள் பல உண்டு, ஆனால் அவற்றின் கடன் மொத்தத்தில் சிறிது, நிதி அமைப்புக்கு ஆபத்தில்லை என்று முடிந்திருக்கின்றன. கணக்கில் தவறு கிடையாது. பாலம் தாங்குமா என்று கேட்டால் பாலத்தைப் பற்றித்தான் விடை வரும். அதன் கீழே வெள்ளத்தில் நிற்பவனைப் பற்றி வராது. முதலாளியின் கொப்பிக் கடனையும் அடகுச் சங்கிலியையும் நான் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாலும், எங்கள் காம்பிரா கொழும்பின் எந்த வங்கியையும் அசைத்திருக்காது. அதே ஆய்வின் அதே தாளை வைத்துக்கொண்டு, வங்கிக்குப் பதிலாகக் குடும்பம் தாங்குமா, கடைக்காரரின் கொப்பி தாங்குமா, பிள்ளை பாடசாலைக்குப் போவது தாங்குமா என்றும் கேட்கலாம். தரவு அதற்குத் தடையில்லை. அப்படிக் கேட்பதற்கு ஆள் வேண்டும். என் வகுப்பிலிருந்து அப்படிப்பட்டவர் இருவர் மூவர் கிளம்பினால் நல்லது.

ஆனால் அப்படிக் கேட்க வேண்டுமானால், கடன் பக்கம் வெறுமையாயிருக்கக் கூடாது. ஆகவே என் பொய்யிலிருந்து எனக்கு முழு விடுதலை கிடைத்துவிடவில்லை.

சென்ற ஆண்டு பாடசாலை விடுமுறையில் லயத்துக்குப் போயிருந்தேன். தாயார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆயினும் காம்பிராவை விட்டு வர மறுக்கிறார். நான் இருந்த நாளொன்றில் மறுபடியும் ஒரு குடும்ப ஆய்வு வந்தது. இம்முறை வந்தவர் பலாங்கொடைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். செக்ரோல்காரர் எவரும் கூட வரவில்லை. வெற்றிலை வரை எல்லாவற்றையும் அம்மா விரல்விட்டுச் சொன்னார். கேள்விகள் ஒவ்வொன்றாக முடிந்து கடன் பக்கம் வருவதை நான் தாளின் வடிவத்தைக் கொண்டே அறிந்துகொண்டேன்.

“அம்மா, இதுல எழுதுறது வேற யாருக்கும் போகாதுங்க. சட்டமே இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ கொஞ்சம் வெளிய இரு தம்பி.”

நான் எழுந்து வாசலைத் தாண்டிப் பீலிக்கரை வரை போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் தாழ்ந்து கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. வெகுநேரம் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போகையில் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.